பொன்னாடையைத் தனக்கே போர்த்திக்கொண்டவள்

என் மகளுக்குப் பதின்மூன்று வயதில் நீரிழிவு வந்தது. மலேசியாவில், கிள்ளான் பக்கம் நாங்கள் இதை இனிப்பு நீர் என்போம். வயதானவர்களுக்கு வருகிற வகை இல்லை இது. உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் அவள் தன் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்கிறாள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். முதலில் வியர்க்கும், கை நடுங்கும், பிறகு புத்தி தடுமாறும். அதற்கும் பிறகு என்ன ஆகும் என்று மருத்துவமனையில் தாதி சொன்னபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, பக்கத்துல இருக்கிற எல்லாருக்கும் சொல்லி வைங்க" என்று அவர் இரண்டு முறை சொன்னார்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தவள் நான். வகுப்பாசிரியைக்கு மட்டும் தெரியும், அதுவும் வெளியே போகக்கூடாது என்ற உறுதிமொழியோடு. பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்தில் வாழப் போகிறவள் என்பது ஒரு காரணம். உறவுக்காரர்கள் "ஐயோ பாவம்" என்று அவள் தலையைத் தடவுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது இன்னொன்று. ஆறு வருடம் அவள் கல்யாண மண்டபங்களின் கழிவறைகளில் நின்றபடியே ஊசி போட்டுக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே காவல் நின்றேன். பதினேழு வருடமாக இடைநிலைப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, இது சரியான ஏற்பாடு என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

போன வருடம் மதுரையிலிருந்து ஒரு நாவலாசிரியை வந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் வாசகர் வட்டம் அழைத்திருந்தது. வெறும் பாராட்டு விழாவாக இருக்கக்கூடாது என்று புதிதாக ஒன்று யோசித்தார்கள். அவருடைய சிறுகதை ஒன்றை இங்கே உள்ள கல்லூரிப் பிள்ளைகள் குறும்படமாக எடுப்பது, மலேசியக் கதை ஒன்றை மதுரையில் அவரோடு இருக்கும் பிள்ளைகள் படமாக எடுத்து அனுப்புவது, இரண்டையும் ஒரே நாளில் திரையிடுவது. இங்கே எடுத்த படத்தின் எழுத்தும் இயக்கமும் என் மகள். மூலக்கதையில் ஐஸ் வியாபாரி ஒருவர் வைகைக் கரையில் சைக்கிளில் போவார். இவள் அவரைக் கிள்ளான் மீன் பாசாரில் ஐஸ் கட்டி ஏற்றும் லோரியில் உட்கார வைத்திருந்தாள். மூன்று மாதம் சனி ஞாயிறெல்லாம் மீன் வாடையோடு வீடு திரும்பினாள்.

வருகிற எழுத்தாளரை ஓட்டலில் தங்க வைத்தால் நம் ஆட்களுக்கு மனசு ஆறாது. வட்டத்தின் உறுப்பினர் யாராவது ஒருவர் வீட்டில்தான் தங்க வேண்டும். இந்த முறை எங்கள் வீடு. என் கணவர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலைக்குப் போயிருந்ததால் பெண்கள் மூன்று பேர் மட்டும் இரண்டு நாள் இருந்தோம். நாவலாசிரியைக்கு என் வயதுதான் இருக்கும். கைத்தறிச் சேலையும் ஓட்டப்பந்தயச் சப்பாத்துமாக வந்து இறங்கினார். சத்தமாகச் சிரிப்பார். சமையலறைக்குள் கேட்காமலே நுழைந்துவிடுவார். அவர் வருவதற்கு முந்தின நாளே, குளிர்பெட்டிக் கதவில் எப்போதும் இருக்கும் இன்சுலின் பேனாக்களை எடுத்துக் காய்கறித் தட்டில் கீரைக் கட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். மகள் பார்த்தாள்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு. அவள் முதல் முறையாக வெளியிடத்துக்குச் சேலை கட்டினாள். ரவிக்கைக்குக் கை குட்டை. இடது புஜத்தில் ஒட்டியிருந்த சென்சார் வெள்ளை வில்லையாகப் பளிச்சென்று தெரிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அவளுடைய சர்க்கரை அளவை என் கைப்பேசிக்கு அனுப்புவது அதுதான். இறங்கினால் அலறும். ஒருமுறை ஒட்டினால் பத்து நாள், பிய்த்தால் மறுபடி ஒட்டாது.

"அத எடுத்துரு. ஒரு நாள்தானே" என்றேன்.

"ம்மா, இன்னும் ஆறு நாள் இருக்கு இதுக்கு."

"மேடையில நிக்கப் போற. எல்லாரும் என்னன்னு கேப்பாங்க."

"கேட்டா சொல்லிட்டுப் போறேன் லா."

என் முகத்தில் என்ன பார்த்தாளோ, கழிவறைக்குள் போய்ப் பிய்த்துவிட்டு வந்தாள். பிசின் இருந்த இடம் சிவந்திருந்தது. நான்தான் அதன் மேல் பவுடர் போட்டேன்.

பெடரல் நெடுஞ்சாலையில் ஞாயிறு என்பதால் நெரிசல் இல்லை. நாவலாசிரியை முன்னால் உட்கார்ந்து தொழிற்சாலைகளைப் பற்றியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். மண்டபத்தில் நூற்றைம்பது பேர் போல இருந்தார்கள். வாசலில் நாதஸ்வரமும் தவிலும். நிகழ்ச்சி நிரலில் எல்லாம் தெளிவாக இருந்தது: பன்னிரண்டு மணிக்குச் சிறப்பு விருந்தினர், டத்தோ என்ற அரசு பட்டம் பெற்ற பிரமுகர், வந்து குத்துவிளக்கு ஏற்றித் திறந்து வைப்பார், பன்னிரண்டரைக்கு மதிய உணவு, பிறகு படங்கள். அதுவரை உரைகள். மதுரைப் பிள்ளைகளின் படத்தைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் பேசினார், இன்னும் யாருமே பார்க்காத படத்தைப் பற்றி.

பன்னிரண்டேகால் போல வட்டத்தின் செயலாளர் எங்களிடம் வந்தார். ஓடியாடி எல்லாம் பார்க்கிற நல்ல மனிதர், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "டீச்சர், சாப்பாடு ரெடி. டத்தோ வாசல்ல இறங்கினதும் வெளக்கு, ஒடனே சாப்பாடு. பத்து நிமிஷம்" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். இருவரும் கழிவறைக்குப் போனோம். அவள் உள்ளே ஊசி போட்டுக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். நெய்ச்சோற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டேன் என்றாள். மேடையில் பையோடு நிற்க முடியாது என்று தன் கைப்பையை என்னிடம் கொடுத்தாள். குளுக்கோஸ் வில்லைகள், பெட்டிப் பானம், சர்க்கரை பார்க்கும் கருவி, கைப்பேசி எல்லாம் அதில். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், முன்னால் வரச்சொல்லி. முன்வரிசையில் நாவலாசிரியைக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்தார்கள். நான் கடைசிக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்தேன்.

பத்து நிமிடம் போனது. இருபதும் போனது. செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். டத்தோ இன்னொரு நிகழ்ச்சியிலிருந்து புறப்பட்டுவிட்டார், வழியில் இருக்கிறார், நேரத்தை வீணாக்காமல் நம்முடைய படத்தை முதலில் பார்த்துவிடுவோம், உணவு அதற்குப் பிறகு என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். விளக்குகள் அணைந்தன.

சாப்பாட்டு மேசைகள் என் பின்னாலேயே இருந்தன. நெய்ச்சோறு, கோழிப் பெரட்டல், சிராப் என்கிற சிவப்பு சர்பத் நிரம்பிய பெரிய ஜாடி, எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் துணி. சிறப்பு விருந்தினர் வராமல் அந்தத் துணியை எடுக்க ஒருவருக்கும் கை வராது. எனக்கும் வரவில்லை என்பதைத்தான் இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஊசி போட்டு முப்பத்தைந்து நிமிடம். காலையில் அவள் பாதி இட்லிதான் சாப்பிட்டிருந்தாள். கைப்பேசியை எடுத்துச் சென்சாரின் எண்ணைப் பார்க்கப் போனேன். திரையில் வெறும் கோடு. நான் கழற்றச் சொன்னதை அந்த ஒரு கணம் மறந்திருந்தேன். அவளுக்குச் செய்தி அனுப்பினேன். என் மடியில் இருந்த அவளுடைய பை அதிர்ந்தது.

எழுந்து நடைபாதை வழியாக முன்னால் போனேன். பாதியில் செயலாளர் இருட்டில் எதிரே வந்து கையை விரித்தார்.

"டீச்சர், டத்தோ எந்த நேரமும் வந்துருவாரு. நடைபாதைய விட்ருங்க. உக்காருங்க."

"என் பொண்ணுக்கு ஒன்னு கொடுக்கணும்."

"என்ன?"

அந்தக் கேள்விக்கு ஆறு வருடமாகத் தயாராக இருந்த பொய் ஒன்று என் வாயில் தானாக வந்தது. "ஊக்கு. சேலைக்கு ஊக்கு" என்றேன்.

"படம் முடியட்டும் டீச்சர். நல்லாத்தான் உக்காந்திருக்கு பொண்ணு."

நான் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. அவர் என்னைத் தள்ளவில்லை, மிரட்டவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வழி விட்டிருப்பார். பக்கத்து நாற்காலியில் என் நாத்தனாரின் சம்பந்தி உறவுக்காரப் பெண்மணி ஒருவர் இருந்தார். "என்னவாம்?" என்றார். "ஒன்னுமில்ல" என்றேன்.

படம் ஓடியது. இருபத்து நான்கு நிமிடம். லோரி ஓட்டுநர் மீன்காரியிடம் "அக்கா, ஐஸ் கரையுது, நீங்க இன்னும் கணக்கு பேசுறீங்க" என்று சொல்லும் இடத்தில் மண்டபமே சிரித்தது. நாவலாசிரியையின் சிரிப்பு தனியாகக் கேட்டது. நான் என் மகளின் சிரிப்பைத் தேடினேன். தன் படத்துக்கே சிரிக்கிறவள் அவள், வீட்டில் நூறு முறை பார்த்தும் அந்த இடத்தில் சிரிப்பாள். அது கேட்கவில்லை. திரை வெளிச்சத்தில் அவளுடைய கொண்டை மட்டும் தெரிந்தது. அது மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தது. கனகாம்பர நிறத்தில் நான் வைத்துவிட்ட துணிப்பூ. அது நிமிர்ந்தபோது எனக்கு மூச்சு வந்தது. மறுபடி சாய்ந்தபோது நான் எண்ண ஆரம்பித்தேன். எதை எண்ணுகிறேன் என்று தெரியாமல் எண்ணினேன். இன்னும் ஐந்து நிமிடம், படம் முடிந்ததும் போய்விடலாம், இன்னும் நான்கு. என் கைகளில் வியர்வை. அவளுக்கு வியர்க்கிறதா என்று தெரியவில்லை.

விளக்குகள் எரிந்தன. எல்லாரும் எழுந்து கை தட்டினார்கள். எழுந்து நின்ற முதுகுகளுக்கு நடுவே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "நம் மண்ணின் இளம் இயக்குநர், எழுத்தாளருக்குப் பொன்னாடை அணிவிப்பார்" என்று ஒலிபெருக்கி சொன்னது. மனிதர்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். அவள் மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். இரண்டாவது படியில் கால் தடுக்கியது. முன்னால் யாரோ "சேலை லா, சேலை" என்று சிரித்தார்கள். தட்டிலிருந்து பொன்னாடையை எடுத்தாள். நாவலாசிரியை தலையைக் குனிந்து நின்றார். என் மகள் பொன்னாடையை விரித்தாள், ஒரு கணம் அதைப் பார்த்தாள், பிறகு தன் தோளில் போட்டுக்கொண்டாள். இரண்டு முனைகளையும் முன்னால் இழுத்துச் சரி செய்தாள். கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. குறும்பு என்று நினைத்தார்கள். படமெடுக்கிற பெண், ஏதோ வேடிக்கை செய்கிறாள். கை தட்டல் அதிகமானது. அவளுக்கு அது கேட்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் புன்னகையை நான் முன்பு ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், அவளுக்குப் பதினான்கு வயதில், சர்க்கரை இறங்கிக் குளியலறைத் தரையில் கிடந்தபோது.

என்னென்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பிறகு மற்றவர்கள் சொன்னதுதான். நான் மேடையில் ஏறியபோது அவள் முழங்கால் மடங்கிச் சரிந்துகொண்டிருந்தாள். நாவலாசிரியை அவளோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்து தலையைத் தாங்கிக்கொண்டார். கழுத்தெல்லாம் ஈரம். கண் திறந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என் பக்கம் திரும்பினாள். விழுங்க முடியும் என்று தோன்றியது.

பெட்டிப் பானத்தின் குழாயை என்னால் குத்த முடியவில்லை. குழாய் வளைந்துவிட்டது. "இனிப்பு நீர், இவளுக்கு இனிப்பு நீர்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன் போல. யாரோ ஓடிப்போய் வெள்ளைத் துணியை இழுத்துவிட்டு ஒரு கோப்பைச் சிராப் கொண்டுவந்தார்கள். அதை நான் வாங்கும்போது செயலாளர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டீச்சர், இனிப்பு நீர்ன்னு நீங்களே சொல்றீங்க. சிராப் கொடுக்கலாமா? கூடிப்போயிரும்."

"ஆமா, கொடுக்காதீங்க" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல். "எங்க அத்தைக்கு அப்படித்தான்." வேறு யாரோ வெறும் தண்ணீரை நீட்டினார்கள். நல்லது செய்கிற அவசரத்தில் ஐந்தாறு பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டு, அவளைக் காப்பாற்றும் ஒரே பொருளை அவளிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான் யாருக்குமே சொல்லவில்லையே.

அந்த நேரத்தில் வாசலில் நாதஸ்வரம் தொடங்கியது. டத்தோ வந்துவிட்டார். தவில் சத்தத்தில் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"அந்த மேளத்த யாராவது நிறுத்துங்கய்யா" என்று நாவலாசிரியை கத்தினார். அவருடைய குரல் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கப் போனது. தவில் நின்றது. என் மணிக்கட்டு இன்னும் செயலாளர் கையில் இருந்தது. நூற்றைம்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ ஊசி போட்டுட்டா. சாப்பிடல" என்றேன். "சக்கரை எறங்கிடுச்சு. இப்ப இனிப்பு கொடுக்கலன்னா செத்துருவா. கைய விடுங்க."

விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக அவள் உதட்டில் வைத்தேன். பாதி சேலையில் போனது, பாதி உள்ளே போனது. விழுங்கினாள். மறுபடி விழுங்கினாள். சிராப்பின் சிவப்பு அவள் தாடையிலும் அந்தச் சரிகைப் பொன்னாடையிலும் வழிந்திருந்தது. பின்வரிசையிலிருந்து ஓடிவந்த ஓர் இளம்பெண், செராஸ் பக்கம் தனியார் மருத்துவமனையில் தாதியாக இருப்பவராம், என் மகளின் பையிலிருந்த கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்தார். ஒன்று புள்ளி ஒன்பது. நான்குக்குக் கீழே போகவே கூடாது. என்னிடம் எண்ணைக் காட்டினார், சத்தமாகச் சொல்லவில்லை. இன்னும் ஒரு கோப்பை கொடுத்தோம். கால் மணி நேரம் கழித்து மூன்று புள்ளி நான்கு.

முதலில் அவள் சொன்னது, "படம் முடிஞ்சிருச்சா?"

ஆம்புலன்ஸ் வந்தது. மருத்துவமனையில் மாலை வரை வைத்திருந்து அனுப்பினார்கள். டத்தோ விளக்கு ஏற்றினாரா என்று எனக்குத் தெரியாது. மதுரைப் பிள்ளைகளின் படத்தை அவர்கள் பிறகு போட்டார்களாம், பாதிப் பேர் கிளம்பிவிட்ட மண்டபத்தில். நாவலாசிரியை தன் ஏற்புரையைப் பேசாமல் எங்கள் ஆம்புலன்ஸுக்குப் பின்னால் வாடகைக் காரில் வந்தார்.

அவசரப் பிரிவின் வெளிப்பக்க நாற்காலியில் அவர் என்னிடம் சொன்னதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. "வெள்ளிக்கெழமையே உங்க ஃப்ரிட்ஜ்ல பாத்தேன் டீச்சர். தண்ணி எடுக்கப் போனப்ப, கீரைக்கு அடியில. எங்க அண்ணனுக்கும் உண்டு. ஒளிச்சு வச்சிருக்காங்களே, கேட்டா சங்கடப்படுவாங்கன்னு விட்டுட்டேன்." சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். "இருட்டுல ரெண்டு தடவ அவகிட்ட ஏதோ கேட்டேன். பதில் சொல்லல. சொந்தப் படத்தப் பாக்குற பதட்டம்னு நெனச்சேன். நானும் தப்பு பண்ணிட்டேன்."

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அவர் என் தோளைத் தட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. அது எனக்கு நல்லதாகவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் ஊருக்குப் போய்விட்டார். அதற்குள் உறவுக்காரர்கள் அனைவருக்கும் செய்தி போயிருந்தது. தொலைபேசி ஓயவில்லை. பத்துமலை முருகனிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள், பாகற்காய்ச் சாறு சொன்னார்கள். நான் பயந்த "ஐயோ பாவம்" நான்கு பேரிடமிருந்து வந்தது. நான்கே பேர். மற்றவர்கள் கேட்டது, ஏன் சொல்லவில்லை என்பதுதான். அதற்கு நான் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று சொல்லிச் சமாளித்தேன்.

மகளிடம் சமாளிக்க முடியவில்லை. செயலாளர் மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்தபோது நடைபாதையில் நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டார். ஊக்கு என்று டீச்சர் சொன்னதால்தான் விடவில்லை, தெரிந்திருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்திருப்பேன் என்றார். அவர் போன பிறகு அவள் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஊக்குன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"திரும்பிப் போய் உக்காந்தீங்களா?"

"ஆமா."

"எவ்ளோ நேரம்மா?"

படம் முடியும்வரை என்றேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து போய்த் தன் அறைக் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு மட்டுமில்லை, அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் பேசியதெல்லாம் தேவைக்கு மட்டும்தான்.

இரண்டு மாதம் கழித்து மதுரையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே ஒரு திரைப்படச் சங்கத்தில் இவளுடைய படத்தைப் போடுகிறார்கள். அவள் வர வேண்டும், பத்து நாள், அங்குள்ள பிள்ளைகளோடு சேர்ந்து இன்னொரு படம் எழுதலாம், நாவலாசிரியை வீட்டிலேயே தங்கலாம். அவள் என் அனுமதியைக் கேட்கவில்லை. "போறேம்மா" என்றாள். நான் கூட வருகிறேன் என்றேன். "வேணாம்மா" என்றாள், மெதுவாகத்தான்.

என் கணவர் போகட்டும் என்றார். அவர் எதையும் அப்படித்தான் சொல்வார். எனக்குப் பகலிலேயே கெட்ட காட்சிகள் வந்தன. அங்கேயும் மேடைகள் உண்டு, தாமதமாக வரும் சிறப்பு விருந்தினர்கள் உண்டு, துணி மூடிய சாப்பாடு உண்டு. பேருந்தில் மயங்கினால் யாருக்குத் தெரியும்? படப்பிடிப்பில் வெயிலில் விழுந்தால்? வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவேன்.

அவள் கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை காலையில் நான் நாவலாசிரியைக்குப் போன் செய்தேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும், அவருடைய அண்ணனுக்கே உண்டு, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் என் வாயால் ஒருவரிடம், யாரும் கையைப் பிடித்து நிறுத்தாமல், முதலிலிருந்து கடைசிவரை நான் சொன்னதே இல்லை. மகள் கூடத்தில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கும்படியாகவே உட்கார்ந்தேன்.

"என் பொண்ணுக்கு இனிப்பு நீர் மேடம்" என்று தொடங்கினேன். "பதிமூணு வயசுலேர்ந்து."

அவர் தெரியும் என்று சொல்லவில்லை. "இருங்க டீச்சர், பேனா எடுத்துக்கறேன். என் கூடப் படமெடுக்குற பிள்ளைங்களுக்கும் குடுக்கணும்" என்றார்.

சொன்னேன். எத்தனை வேளை ஊசி, எங்கே வைத்திருப்பாள், எப்படி வியர்க்கும், எப்படிப் பேச்சு மாறும், சாப்பாடு கண்ணுக்கு முன்னால் வந்த பிறகுதான் ஊசி. கூடத்தில் துணி மடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

"சிரிச்சா நம்பாதீங்க" என்றேன். "சில நேரம் சும்மா சிரிப்பா. அப்பதான் ரொம்ப எறங்கியிருக்கும்."

"எழுதிக்கிட்டேன்" என்றார் அவர். "ஜூஸ் குடுத்துட்டு எவ்வளவு நேரம் பாக்கணும்?"

"பதினஞ்சு நிமிசம்."

"அதுக்கப்பறமும் தெளியலன்னா?"

தாதி சொன்னபோது நான் சுவரைப் பார்த்தபடி கேட்டும் கேட்காததுபோல விட்ட இடம் அது: நினைவு தப்பும், உயிரும் போகலாம். அவர் அந்தப் பக்கம் காத்திருந்தார். மகள் கூடத்திலிருந்து எழுந்து வந்து கதவருகே நின்றாள்.

"சொல்லுங்கம்மா" என்றாள்.

நான் சொன்னேன்.